தீப்பெட்டிக்குப் பூட்டு

வெள்ளைக்காரன் காலம். கல்லூரி நண்பர்கள் இரவல் கேமராவோடு பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குப் படமெடுக்கப் போனோம். அந்தக் காலத்துப் பிலிம் சுருளில் ஒரு பொறி பட்டால் போதும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. அதைக் கேட்டதும் பாதுகாப்புக்கு நானே பொறுப்பு என்று கத்தி, மாட்டுவண்டிக்காரர் உட்பட எல்லோருடைய தீப்பெட்டிகளையும் பிடுங்கிப் பூட்டி வைத்தேன். முணுமுணுத்தவனை அடிக்கவே போய்விட்டேன்.

மாலையில் வண்டி ஆவடி ஸ்டேஷனுக்குக் குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. பிலிம் வைத்த ட்ரங்குப்பெட்டி ஆடாமலிருக்க அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

வண்டிக்காரர் திரும்பினார். "நம்ம நெருப்புப்பொட்டிய எங்க வெச்சிகீற நைனா?"

ட்ரங்குப்பெட்டி மேலிருந்து துள்ளி எழுந்தேன். எங்களிடம் பூட்டு இருந்த பெட்டி அது ஒன்றுதான்.