வெள்ளைக்கு அடியில் சிவப்பு

என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவளுடைய நிலைக்கண்ணாடியில் நான் முகம் பார்ப்பதில்லை. சவரம்கூட பாத்ரூம் கண்ணாடியில்தான். தேக்குச் சட்டம். உச்சியில் இரண்டு கிளிகள், அவற்றுக்கு நடுவில் ஒரு தாமரை, இரு பக்கமும் கொடி. வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்தபோது அவள் யாரையும் நம்பாமல், லாரியின் பின்னால் ஏறி இதைத் தானே பிடித்துக்கொண்டு நின்று வந்தாள். எவ்வளவு சொல்லியும் முன் சீட்டில் உட்காரவில்லை.

இப்போது அந்தப் பக்கம் போனாலே ஓரக்கண்ணில் ஒரு புடவை நகரும். திரும்பினால் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மலைதான் அதில் தெரியும். எனக்குப் பயமாக இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்ட என் மகள் புது வீடு கட்டியிருந்தாள். கண்ணாடியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"வேணாம்பா. அதுல பாத்தா அம்மா பின்னால நிக்கற மாதிரியே இருக்கு. வெள்ளை பெயிண்ட் அடிச்சு அடையாளமே தெரியாம பண்ணிக் குடு, எடுத்துக்கறேன். ஆனா கிளி கெடக் கூடாது."

அவள் எடுத்துக்கொள்ளாவிட்டால் அது என்னோடுதான் கிடக்கும். ஆள் வைத்தால் பெயிண்டை அப்பி கிளியைக் கொழுக்கட்டை ஆக்கிவிடுவார்கள் என்று நானே உட்கார்ந்தேன். பழைய டூத் பிரஷ்ஷால் கொடியின் இடுக்குகளைத் தேய்த்தேன். பெயிண்டை நீர்க்கக் கலந்து அடித்தேன். பள்ளத்தில் தேங்கியதை, துணி சுற்றிய ஈர்க்குச்சியால் காய்வதற்குள் ஒற்றி எடுத்தேன். இறகுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன.

மறுநாள் காலை தாமரையின் நடுவில் சிவப்பாக ஏதோ கசிந்திருந்தது. மேலே இன்னொரு முறை அடித்தேன். அதையும் மீறி வந்தது.

அப்புறம்தான் உறைத்தது. தினமும் அவள் மோதிர விரலால் குங்குமம் வைத்துக்கொண்டு, விரலில் மிஞ்சியதை அந்தத் தாமரையில் துடைப்பாள். "ஏண்டி, வீட்டுல துணியே இல்லியா?" என்று எத்தனை நாள் கத்தியிருக்கிறேன்!

"கோயில் குங்குமங்க. துணியில தொடச்சா தொவைக்கற தண்ணியோட சாக்கடைக்குப் போவும். பூவுல இருந்தா உங்களுக்கு என்னா?"

பெயிண்ட் கடைக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "கீழ இருக்கற சாயம் ஊறி வருது சார். அரக்கு பாலிஷ் ஒரு கை போட்டுட்டு அடிங்க, நின்னுடும்."

காரணம் தெரிந்தும் பயம் போகவில்லை, கோபமும் சேர்ந்துகொண்டது. "போயும் விடமாட்டியாடி? பொண்ணு வீட்டுக்குப் போற சாமான்டி இது!" என்று கத்தியேவிட்டேன். கத்துகிற கிழவன் மட்டும் கண்ணாடியில் தெரிந்தான்.

பாலிஷ் போட்டு அடித்தேன். மறுநாள் தாமரை பால் மாதிரி வெளுத்திருந்தது. அப்பாடா என்றுதான் இருந்திருக்க வேண்டும். இல்லை. இன்னொரு முறை அவளைச் சுடுகாட்டுக்கு அனுப்பிய மாதிரி இருந்தது.

அடுத்த நாள் பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தில் வண்டி நுழைய முடியாது. அதனால் மகள் அன்றைக்கே குட்டியானை லோடு வண்டி பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். வழியில் கோயிலுக்கும் போய் வந்திருந்தாள்.

"அய்யோ, கிளி மூக்குகூட அப்படியே இருக்குப்பா! அம்மா வாடையே இல்ல" என்றாள்.

பிரசாதப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கு விபூதி பூசினாள். பிறகு கண்ணாடியைப் பார்த்துக் குங்குமம் வைத்துக்கொண்டாள். என்னிடம் ஏதோ பேசிக்கொண்டே, கை தானாக மேலே போய் விரலைத் தாமரையில் துடைத்தது.

பேச்சு பாதியில் நின்றது. வெள்ளையின் நடுவில் சிவப்பு. அவள் தன் விரலையே பார்த்தாள்.

"இதை நான் எப்பப்பா கத்துக்கினேன்?"

நான் துணியை எடுத்தேன்.

"தொடாதப்பா!"

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். இருவருமாகத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினோம். டிரைவர் முன் கதவைத் திறந்துவிட்டார். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்னால் ஏறி, கண்ணாடியைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள்.