சண்டை போடத் தெரியாத பெண்

நான்கு வருடம் இருக்கும். சித்திரை மாதம், இராஜபாளையத்தில் நான் சூப்பர்வைசராக இருந்த ஒரு பேண்டேஜ் கம்பெனியில் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கண்டக்டரோடு மல்லுக்கு நிற்காமல் பஸ்ஸை விட்டு இறங்கிய நாள் குறைவு. அதில் எனக்குப் பெருமை வேறு.

எங்கள் கம்பெனிப் பெண்களும் அப்படித்தான். ஒரு குறை என்றால் இடுப்பில் கை வைத்து நின்று, நாலு பேரைக் கூட்டி, தீர்த்துவைக்கிற வரை விடமாட்டார்கள். நானும் பதிலுக்குக் கத்துவேன். மத்தியானம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். சத்தம் எவ்வளவு பெரிதோ பிரச்னையும் அவ்வளவு பெரிது என்றுதான் நினைத்திருந்தேன்.

துணி உருளையை வெட்டும் மிஷினில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். இருபது வயதிருக்கலாம். தமிழ் ஓரளவு பேசுவாள். அன்று காலை என் மேஜை அருகில் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, ஆஃப் பண்ணாலும் பிளேடு உடனே நிக்கல" என்றாள்.

"சரி, பாக்கச் சொல்லுதேன்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போன கையோடு பேக்கிங் பெண்கள் வந்துவிட்டார்கள். "ஏக்கா, ஃபேன் ஓடலைன்னா நாங்க வெந்தா சாகுறது? இப்ப ஆள அனுப்புதியளா, இல்ல வெளிய போயி உக்காரவா?" இருந்த ஒரே எலக்ட்ரீசியனை அங்கே அனுப்பினேன். இவ்வளவு அமைதியாகச் சொல்கிறவளுக்கு அவசரம் ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தோன்றியது.

அவர் ஏணியில் நின்று ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மிஷின் பக்கம் அலறல் கேட்டது. அலறியதும் அவள் இல்லை, பக்கத்தில் நின்றவர்கள். அவளுடைய வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஏட்டி, மிஷின் அம்புட்டு மோசம்னா என்னைய விடாம நச்சரிச்சிருக்க வேண்டாமா?"

"சொன்னேனே அக்கா. நீங்க சரின்னு சொன்னீங்க" என்றாள்.

பெரியவர்கள் சரி என்ற பிறகு மறுபடி போய் நிற்பது அவர்கள் வீட்டில் மரியாதைக் குறைவாம். துணைக்கு இருந்த அவள் ஊர்த் தோழிதான் சொன்னாள். அந்தத் தோழி என்னை வாய்க்கு வந்தபடி திட்டவும் செய்தாள். அடிபட்டவளின் அமைதிக்கு ஊர்ப் பழக்கம் பாதி, அவள் சுபாவம் பாதி காரணம் போலிருக்கிறது. என் வார்த்தையை நம்பி அந்த மிஷினில் கை வைத்திருக்கிறாள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். "அந்தப் பிள்ள முன்னாடியே ஏதாவது சொல்லுச்சாம்மா?"

எங்கள் பக்கம் பதில் பேசாமல் நின்றால் தப்பை ஒத்துக்கொண்டதாக அர்த்தம். நான் பேசாமல்தான் நின்றேன். அவர் அதை, அவள் எதுவும் சொல்லவில்லை என்று தனக்கு வசதியான பதிலாக எடுத்துக்கொண்டார். தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி, கட்டுப் பிரிப்பதற்கு முன்பே அவளை ஊருக்கு ரயில் ஏற்றிவிட்டார்கள்.

ஊரில் ஒருவர் விடாமல் எல்லாரிடமும் வாயாடிய நான், அவளுக்காகப் பேச வேண்டிய அந்த ஒரே இடத்தில் வேலை போய்விடும் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை என்பதை நினைத்தால், இன்றும் என்னைக் கண்டாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.