தாளில் இல்லாத காற்று

காவலூர் நிறுத்தத்தில் திருப்பத்தூர் பேருந்துக்காக நாற்பது நிமிடமாக நிற்கிறேன். நாளைக் காலை என் மகள் ஒற்றை எஞ்சின் விமானத்தில் சென்னையிலிருந்து அந்தமானுக்குத் தனியாகப் பறக்கப் போகிறாள். மூன்று முறை தள்ளிப்போட்டுவிட்டாள்; மூன்று முறையும் திட்டினேன். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் மலைக்கு வந்தால், கணக்குத் தாளும் சட்டைப்பையில் கூடவே வந்துவிட்டது. கடல்மேல் ஆயிரத்து நானூறு கிலோமீட்டர். மணிக்கு இருநூறு வேகத்தில் ஏழு மணி நேரம். எரிபொருள் ஒன்பது மணி நேரத்துக்கு. இரண்டு மணி மிச்சம். பதினோராவது முறையாகச் சரிபார்க்கிறேன்.

சாலையோரச் சாமைக் குவியலருகே முறத்தோடு சும்மா உட்கார்ந்திருக்கும் அம்மாள், "இன்னா சார், பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்கிறார். விஷயத்தைச் சொல்கிறேன்.

"காத்து எதுர்ல அடிச்சா?"

தாளில் காற்றே இல்லை. எதிர்க்காற்று நாற்பது என்று வைத்துப் போட்டுப் பார்க்கிறேன். எட்டே முக்கால் மணி. மிச்சம் கால் மணிதான். தாளை மடித்துவிட்டு அவருடைய முறத்தைக் காட்டிக் கேட்கிறேன்.

"நீங்க ஏன் தூத்தாம இருக்கீங்க?"

"காத்து சுத்திச் சுத்தி அடிக்குது சார். இப்ப தூத்துனா சாமையும் சேந்து பறந்துடும். சரியாவற வரைக்கும் குந்திக்கினு இருக்கவேண்டிதுதான்."

உடனே மகளை அழைக்கிறேன். "காத்து சரியில்லன்னா என்னம்மா பண்ணுவ?"

"கிளம்ப மாட்டேம்பா. மூணு தடவை வேற எதுக்குத் தள்ளிப்போட்டேன்?"

"நாலாவது தடவையும் தள்ளிப்போடு, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் பக்கத்தில் நானும் உட்காருகிறேன்.