ஆறாம் தளத்து வெள்ளைக் கார்

மூன்று மாதம் எங்கள் வீட்டுக் கூடத்தில் சோபா இருந்த இடத்தில் காரின் பின்சீட் கிடந்தது. தீபாவளிக்கு வந்தவர்கள் அதில்தான் உட்கார்ந்து முறுக்கு தின்றார்கள். "டிரைவர் எங்கம்மா, இன்னும் காணோம்?" என்று என் அண்ணி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் கணவர் செல்வராஜ் முப்பது வருடமாக லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஊரார் லிஃப்ட் நின்றால் அரை மணி நேரத்தில் ஓடவைத்துவிடுவார். சொந்த வீட்டு வேலை என்றால் மட்டும் பாதியோடு சரி. ஒரு சுவரில் மட்டும் பெயிண்ட் கண்ட படுக்கையறை, தண்ணீரே காணாத மீன்தொட்டி, இரண்டு பாட்டோடு மூடிவைத்த கீபோர்டு. கழுத்தை நீட்டி இருபத்தாறு வருடம் ஆகிறது, மனிதர் எதையும் முடித்து நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவர்தான் பத்து வயதான எங்கள் வெள்ளை செடானைப் புதிதாக்கப் போகிறேன் என்று கிளம்பினார். சிங்கப்பூரில் காருக்குப் பத்து வருடம்தான் ஆயுள். அதற்காக எடுத்த உரிமைச் சான்றிதழ், அதுதான் சிஓஇ, காலாவதியானால் வண்டியை உடைக்கக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பணம் கட்டி இன்னும் பத்து வருடமோ ஐந்து வருடமோ நீட்டிக்கலாம். எங்கள் காரோ கூரைத் துணி தொங்கி, ஏசி செத்து, லிட்டர் லிட்டராக எண்ணெய் குடித்துக்கொண்டிருந்தது.

"பத்து வருஷம் போட்டுடு தாரணி. நான் அத எப்படி மாத்துறேன்னு மட்டும் பாரு" என்றார்.

கார் என் பெயரில். நீட்டிப்பை நான்தான் கணினியில் செய்ய வேண்டும். ஐந்து வருடம் என்று தேர்ந்தெடுத்தால் அது முடிந்ததும் மறுபடி நீட்டிக்க முடியாது, வண்டி போயே ஆக வேண்டும் என்று திரையில் தெளிவாக எழுதியிருந்தது. படித்தேன். மீன்தொட்டியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். ஐந்தைத் தட்டினேன். ஆறே மாதத்தில் சலித்துவிடும் மனிதருக்கு ஐந்தே அதிகம் என்று நினைத்தேன்.

"போட்டாச்சா?" என்று கேட்டார். "ஆச்சு" என்றேன். எத்தனை வருடம் என்று அவர் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

சலிக்கவில்லை. அதுதான் என் தலையெழுத்து. புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார்பார்க்கில், ஆறாம் தளத்தில், கார் நின்றது. அங்கே வைத்துப் பழுதுபார்க்கக் கூடாது என்று கண்ணாடியில் இரண்டு முறை எச்சரிக்கைத் தாள் செருகிவிட்டுப் போனார்கள். உடனே ஐயா கழற்றக்கூடியதை எல்லாம் கழற்றி வீட்டுக்குச் சுமந்து வர ஆரம்பித்தார். கதவின் உள்பலகைகள் எங்கள் கட்டிலுக்கு அடியில். ஸ்டியரிங் வீல் துணி காயும் கம்பியில். துருப்பிடித்த போல்ட்டுகள் ஏதோ மருந்தில் ஊறிக்கொண்டு என் இட்லிப் பானையில்! அந்தப் பானையை நான் குப்பையில் போட்டேன். ஒரு கதவுக் கைப்பிடிக்காக எல்லை தாண்டி ஜோகூருக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போய், மூன்றாவது முறை தவறான பக்கத்துக் கைப்பிடியோடு திரும்பினார். நான் கத்தினேன். அவர் அடுத்த ஞாயிறும் போனார்.

இப்படியே நாலரை வருடம். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். அவர் கூரைத் துணியை ஒட்டிவிட்டு, கழுத்து வலியோடு வந்து, "கார்பார்க்குக்கு வந்து தொட்டுப் பாரேன், ஒரு சுருக்கம் இருக்கா?" என்பார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். அவர் மீது இருந்த எரிச்சல் எப்போது என் மீது திரும்பியது என்று தெரியவில்லை.

போன மாதம் கார் முடிந்தது. உண்மையாகவே முடிந்தது. ஒரு போல்ட் மிச்சமில்லை. தேக்கா சந்தையில் மாலையும் எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டு கேலாங் சிவன் கோயிலுக்குப் பூசை போட ஓட்டிப் போனோம். ஏசி குளிர்ந்தது. குருக்கள் சந்தனம் வைத்துத் தீபம் காட்டி, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் பழம் வைத்தார்.

"இன்னும் அஞ்சு வருஷம் அப்படியே ஓடணும் சாமி" என்றார் இவர், கைகூப்பி.

குருக்கள் உள்ளே போனதும் காரில் ஏறி உட்கார்ந்தோம். அவர் சாவியைத் திருகப் போனார். "ஏங்க, ஓடாது" என்றேன்.

"என்ன ஓடாது? இப்பத்தானே ஓடிச்சு."

"சிஓஇ வர்ற ஜனவரியோட முடியுது. நான் அஞ்சுதான் போட்டேன். இதுக்கு மேல ரினியூ பண்ண முடியாது, வண்டிய ஸ்கிராப் பண்ணணும்."

அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார். முன்கண்ணாடி வழியாகக் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாம போட்டியா?"

"தெரிஞ்சுதான்."

"ஏன்?"

பொய் சொல்ல எத்தனையோ இருந்தது. பணம் போதவில்லை என்றிருக்கலாம், அவர் நம்பியிருப்பார். "நீங்க பாதியில விட்டுடுவீங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு சிரித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. "முழுசா முடிச்சேன்ல?" என்றார்.

"முடிச்சீங்க."

"ஒரு சுருக்கம் இல்ல."

"இல்லங்க."

எனக்கு அழுகை முட்டியது. இத்தனை வருடம் அவரிடம் கத்திய எனக்கு, அவர் ஒரே ஒரு முறை கத்தினால் போதும் என்றிருந்தது. "திட்டுங்களேன்" என்றேன். "ஏதாவது சொல்லித் தொலைங்களேன்."

அவர் காரைக் கிளப்பினார். சக்கரங்களுக்கு அடியில் பழங்கள் நசுங்கின.

"பெல்ட்டப் போடு" என்றார்.