நானூறு ரூபாய்க்குக் குறையாமல்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி. டவுனிலிருந்து வேங்கிக்கால் போகிற வழியில் என் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. பின்சீட்டில் மகள் யாழினி, அவள் மடியில் சர்டிஃபிகேட் ஃபைல். பத்து மணிக்கு அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு. தாமதமாக வந்தால் அனுமதி இல்லை என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். இரண்டு வருஷம் விழுந்து விழுந்து படித்தவள்.

வண்டியில் பெட்ரோல் இல்லை. வேண்டுமென்றே நான்தான் போடாமல் வைத்திருந்தேன்!

திட்டாதீர்கள், சொல்கிறேன். மூன்று மாதம் முன்பு ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன். பெட்ரோல் போட்டால் பாயின்ட் வரும். பாயின்ட் சேர்ந்தால் அதற்கும் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம். மளிகைப் பொட்டலத்துப் பேப்பரையே படிக்காமல் விடாதவள் நான்... கார்டோடு வந்த பொடி எழுத்தை விடுவேனா? ஒரு குறிப்பிட்ட கம்பெனி பங்க்கில்தான் போட வேண்டும். ஒரு தடவைக்கு நானூறு ரூபாய்க்குக் குறையக் கூடாது.

கார்காரர்களுக்கு இது சுலபம். என் ஸ்கூட்டர் டேங்க் கொள்வதே ஐந்து லிட்டர்தான். நானூறு ரூபாய்க்கு இடம் வேண்டுமென்றால் டேங்க் நன்றாகக் காய வேண்டும். எவ்வளவு காயலாம்? அங்கேதான் எனக்கு ருசி தட்டிவிட்டது. முள் சிவப்பைத் தொட்ட பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று சின்ன டைரியில் குறிக்க ஆரம்பித்தேன். ஒருநாள் முந்நூற்று எண்பதுக்கே டேங்க் நிரம்பிவிட்டது. அன்று முழுக்க வீட்டில் யாரோடும் நான் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கிளம்பும்போதுகூட யாழினி கேட்டாள்.

"ம்மா, பெட்ரோல் இருக்குதா?"

"தாராளமா இருக்குடி. நம்ம கார்டு பங்க் நீ போற ஆபீஸைத் தாண்டித்தான். உன்ன எறக்கிட்டுப் போட்டுக்கறேன்."

டைரி சொன்னதை நம்பினேன். டைரியில் நான் தனியாகப் போன கணக்குதான் இருந்தது... பின்சீட்டில் ஆள் இருந்தால் என்ன ஆகும் என்று எழுதவே இல்லை.

இருவருமாகத் தள்ளிக்கொண்டு நடந்தோம். பைக்கில் ஒருவர் வந்து நிறுத்தினார். நாற்பது வயதிருக்கும், முன்னால் மல்லாட்டை மூட்டை. வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

"இன்னாக்கா, பெட்ரோல் தீந்துடுச்சா? ஏறி உக்காருங்க ரெண்டு பேரும்."

ஸ்கூட்டரின் பின்பக்கம் ஒரு காலை முட்டுக்கொடுத்து, தன் பைக்கை ஓட்டியபடியே எங்களைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு கிலோமீட்டரில் பங்க் வந்தது. வேறு கம்பெனி பங்க்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா?

"தம்பி... இங்க வேணாம்பா. இன்னும் கொஞ்சம் போனா நம்ம கார்டு பங்க் ஒண்ணு இருக்கு..."

அவர் காலை எடுத்தார். முகத்தில் கோபமே இல்லை. என்னைப் போலவே அவருக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"கார்டுல போட்டா எவ்ளோக்கா கம்மி ஆவும்?"

மூன்று மாதமாக என்னை யாரும் கேட்காத கேள்வி. நானே கேட்டுக்கொள்ளவில்லை. பாயின்ட்டிலேயே எண்ணிக்கொண்டிருந்தேன்... பாயின்ட் எப்போதும் ஜாஸ்தியாகத்தான் தெரியும். ரூபாயாக மாற்றிப் பார்த்தேன்.

"ஒரு... பதினாறு ரூபா வரும்பா."

"பதினாறா?" மறுபடியும் காலை முட்டுக்கொடுத்தார். "சரி, உக்காருங்க. போலாம்."

"அண்ணா, வேணாம்!" யாழினி குதித்து இறங்கிவிட்டாள். பங்க் ஊழியரைக் கூப்பிட்டு நூறு ரூபாய்க்குப் போடச் சொல்லி, தன் போனிலிருந்தே பணம் கட்டினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அவமானமாக இருந்தது, மறைப்பானேன்?

அவரிடம் ஐம்பது ரூபாய் நீட்டினேன்.

"எனக்கு இன்னாக்கா செலவு? நானும் இந்தப் பக்கந்தானே போறேன்" என்றார்.

சொல்லிவிட்டு பைக்கைத் திருப்பி, வந்த வழியே டவுன் பக்கம் போனார்.

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு கேட் அருகே இறங்கி ஓடினாள் யாழினி. மதியம் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்த டைரி எங்க?"

அன்றிலிருந்து முள் பாதிக்கு வந்தாலே, கண்ணில் படும் முதல் பங்க்கில் நிறுத்திவிடுகிறேன். யாராவது வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் நானும் காலைக் கொடுக்கத் தயார். நேற்று ஒருவருக்குக் கொடுத்தும் பார்த்தேன்.

கால் எட்டவில்லை!