மொட்டைப் பிரபுவின் வாரிசு

டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் போன வருடம் ஒரு கிழவர் இருந்தார். காலையில் அவருடைய வீங்கிய கால்களுக்கு இறுக்கமான காலுறை மாட்டிவிடுவது என் வேலை. மாட்டி முடியும்வரை தன் முன்னோர் ஒருவரின் கதையைச் சொல்வார். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஹொல்ஸ்டைனில் வாழ்ந்த ஜெர்மன் பிரபு. தலையில் மயிரில்லாததால் மொட்டைப் பிரபு என்று பெயராம். சின்ன நிலத்தோடு தொடங்கி, சண்டை பிடித்தே வளர்ந்தவர். டென்மார்க்குக்கு ஒரு சின்னப் பையனை அரசனாக்கி வைத்துவிட்டுத் தானே ஆண்டார். கடைசியில் நாங்கள் இருக்கும் இந்த யூலாந்துத் தீபகற்பமே அவர் கையில்.

"நாங்கள் ஆளப் பிறந்தவர்கள்," என்பார் டேனிஷில். "நீ காலைப் பார், பெட்டை."

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பல்லைக் கடித்துக்கொண்டு காலைப் பார்ப்பேன்.

ஒருநாள் பிரபுவின் சாவுக்கு வந்தார். படையோடு வந்து ரானர்ஸ் நகரில் நோயில் படுத்திருந்தவரை, டேனிஷ்காரர் சிலர் அறைக்குள் புகுந்து வெட்டிக் கொன்றார்களாம். "படுக்கையில் கிடந்த மனிதனை! கோழைகள்!" அவருக்குக் கண் கலங்கியது.

நான் விட்டுவந்த எங்கள் ஊரிலும் போர்க்காலத்தில் ஒரு படை வந்து குந்தியிருந்தது. எங்கள் வீட்டுக் கதவுகளைக் கழற்றி விறகாக எரித்தது. அதனால் கேட்டேன்: "அந்தப் படைக்குத் தீனி போட்ட சனத்துக்கு என்ன நடந்தது?"

கையிலிருந்த கோப்பியை என் மேல் வீசினார். கழுத்து எரிந்தது.

"அவருக்கு மறதி நோய். தான் செய்வது அவருக்கே தெரியாது. அறிக்கை எழுதிவிடு," என்றாள் மேலாளர்.

எழுதினேன். மறுநாள் காலை எனக்குப் பதிலாக ஓர் இளம் டேனிஷ்காரியை அவரிடம் அனுப்பினார்கள். கதவருகில் நின்று கேட்டேன். "நன்றி, உன் கைகள் மென்மையானவை," என்று அவளிடம் குழைந்துகொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

வீட்டில் சொன்னதற்கு என் கணவர், "விடுமப்பா, அந்தாள் வருத்தக்காரன், மறதி நோய்," என்றார்.

"என்னைக் கண்டால் மட்டும் வாற வருத்தமோ?" என்று கத்தினேன். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

அடுத்த நாள் மேலாளரின் அறைக்குப் போய் அதையே டேனிஷில் கேட்டேன். என்னை மேல்மாடிக்கு மாற்றுவதாகச் சொன்னாள். "நான் ஏன் போக வேண்டும்? அவரிடம் போய்ச் சொல்," என்றேன். என் குரல் நடைபாதைவரை கேட்டிருக்கும். கேட்கட்டும்.

கடைசியில் அவள் வந்து, இனி என்னிடம் இப்படி நடக்கக் கூடாது என்று என் முன்னாலேயே அவரிடம் சொன்னாள். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அதன்பின் என்னைப் பெட்டை என்று அழைக்கவுமில்லை, கதை சொல்லவுமில்லை. சுவரைப் பார்த்தபடி காலை நீட்டினார்.

மாசி மாதத்தில் இறந்தார். அன்று என்னுடைய முறை. உடலைக் கழுவித் துடைத்து, சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டேன். ஒன்றையும் குறை விடவில்லை. கோபமும் குறையவில்லை.