ஊசிக்கு அடங்காத சளி

காரோட்டுக் கடற்கரையில் பவுலாவிடம் வாய் கொடுத்து மீண்டவர் யாரும் கிடையாது. அவள் மீன்கடவப் பெட்டியை இறக்கி வைத்தால் பெருங்கடவிளைச் சந்தையே கொஞ்சம் அடங்கும். அப்படிப்பட்டவள், கட்டின புருஷனிடம் மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தாள்.

காரணம் ரீத்தா, அவர்களுடைய ஒரே மகள். பிறந்ததிலிருந்தே அவளுக்கு நெஞ்சில் சளி. பசைபோலக் கெட்டியாக, பச்சையாக வரும். எவ்வளவு தின்றாலும் எலும்பும் தோலும்தான். கன்னத்தில் முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கும். கடற்கரையில் யார் கன்னம்தான் கரிக்காது என்று அதை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. இன்றைக்கு அந்த நோயை சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்கிறார்கள். பிறவிக் கோளாறு. அன்றைக்கு ஊர்க்காரர்கள் காசம் என்று சொல்லித் தங்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். சொன்னவர்களை பவுலா சும்மா விட்டாளா என்ன!

நெய்யாற்றின்கரையில் ஒரு மலையாளி டாக்டர் பென்சிலின் ஊசி போட்டார். முதல் தடவை மந்திரம்போலக் கேட்டது. பிள்ளை மணலில் ஓடி விளையாடியதைப் பார்த்து பவுலா மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினாள். அடுத்த தடவை மெல்லத்தான் கேட்டது. மறுபடி காய்ச்சல் வந்தபோது, மலையாளத்தோடு இருக்க மாட்டோம் என்ற எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்தது. எங்களைத் தாய்த் தமிழகத்தோடு சேர் என்று ஊரெல்லாம் கோஷம்.

பிள்ளையோடு பவுலா ஏறிய பஸ்ஸை பாறசாலை ரோட்டில் பனந்தடி போட்டு மறித்தார்கள். மறித்த கூட்டத்தில் முன்னால் நின்றவன் அவள் புருஷன் ரபேல்.

பவுலா சன்னல் வழியே கத்தினாள். "வழி விடும்! உமக்க பிள்ளைக்காக்கும் ஊசி!"

ரபேலுக்கு முகம் வெளுத்துவிட்டது. தடியை இழுத்துப் போடக் குனிந்தான். கல்லெறிக்குப் பயந்த டிரைவர் அதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டார். பிறகு சில நாள் பஸ்ஸே ஓடவில்லை. ஓடத் தொடங்கியபின் போட்ட ஊசி ஒன்றும் காய்ச்சலை இறக்கவில்லை.

அன்றோடு ரபேல் கூட்டத்துக்குப் போவதை விட்டான். கள்ளையும் விட்டான். வெள்ளிதோறும் ஒருசந்தி இருந்து, அன்னம் தண்ணீர் இல்லாமல் ஜெபித்தான். கடலுக்குப் போகாத நாளெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினான். பவுலாவின் மனம் இளகவில்லை. வழி மறித்தவன்தானே, அலையட்டும் என்று இருந்தாள்.

டாக்டர் பிள்ளையின் சளியைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிச் சோதித்துப் பார்த்தார். முடிவு வந்த அன்று பவுலாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"இந்தக் கிருமி பென்சிலினுக்கு அடங்காது. ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் அடங்காது. மருந்து அதுக்குப் பழகிப்போச்சு."

"அண்ணைக்கு பஸ்ஸு போயிருந்தா, டாக்டரே?"

"போயிருந்நாலும் இதுதன்னே. அதுக்கு முன்னமே பழகியாச்சு."

பவுலாவுக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இத்தனை நாள் கோபப்பட ஓர் ஆள் இருந்தான். அவன்மேல் குற்றமில்லை என்று விட்டுவிட்டால் இனி கடவுளோடுதான் மல்லுக்கு நிற்க வேண்டும். அங்கே யார் வாயும் எடுபடாது. சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். மனசு கேட்கவில்லை.

வெளியே பெஞ்சில் ரபேல் உட்கார்ந்திருந்தான். ரீத்தா அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச பாரும்," என்றாள் பவுலா. "அது உம்மாலே இல்லை. அண்ணைக்கு ஊசி போட்டிருந்தாலும் கேட்டிருக்காதாம். இனி எந்த ஊசியும் கேக்காதாம்."

பாரம் இறங்கி அவன் முகம் தெளியும் என்று பார்த்தாள். தெளியவில்லை. பிள்ளையின் முதுகை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டான்.

"எனக்க பாவமாக்கும்னு நெனச்சிருந்தேன். பாவம்னா ஒருசந்தி இருந்து தீத்துப்போடலாம், பிள்ளை பிழைச்சுக்கும். எனக்க குத்தமாட்டே இருந்திருக்கப்பிடாதா, பவுலா?"

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளை விழித்துவிடக் கூடாதே என்று இருவரும் சத்தம் காட்டாமல் அழுதார்கள்.